மோமிஜி நிஷியா கதையோட மீதியையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் ஸ்போர்ட்ஸ் பக்கத்துல சின்ன வயசுலயே சாதிச்சவங்கன்னு ஒரு தொகுப்பு போட்டிருந்தீங்க. அதுல ஜப்பான் பொண்ணு மோமிஜி நிஷியாவுக்கு நாலே வரி, 13 வயசு, டோக்கியோ ஒலிம்பிக், தங்கம், ஒரு போட்டோ, அவ்ளோதான். தலைப்புல ரோலர் ஸ்கேட்டிங்னு வேற வந்திருந்துச்சு. அது கால்ல சக்கரம் மாட்டிக்கிட்டு ஓடுறது, இது ஸ்கேட்போர்டு, பலகை கால்ல கட்டியிருக்காது சார், அதோட சேர்ந்து எகிறி அது காத்துல சுத்தி வந்ததும் திரும்ப அது மேலயே இறங்கணும். அதுலயும் மோமிஜி ஆடுறது ஸ்ட்ரீட், அதாவது தெருவுல இருக்கிற மாதிரியே படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்டு எல்லாம் கட்டி வெச்சு அதுல பண்ற ஆட்டம். விழுந்தா கான்கிரீட் தரைதான்.

நான் எழுத வந்தது அந்தத் தலைப்புக்காக மட்டும் இல்ல. 2021-ல அந்தப் பொண்ணைப் பத்தி எழுதாத பேப்பரே இல்ல, ஆனா 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல அவ ஏன் இல்லன்னு ஒரு வரி கூட நான் எங்கயும் தமிழ்ல பார்க்கல. எனக்கு அது ரொம்ப உறுத்துது.

மோமிஜி ஒசாகா பக்கத்துல மட்சுபாராங்கிற ஊரு. அண்ணன் ஸ்கேட் பண்றதைப் பார்த்து 5 வயசுல ஆரம்பிச்சவ, 11 வயசுல அமெரிக்காவுல மினியாபொலிஸ்ல நடந்த எக்ஸ் கேம்ஸ்ல (ஸ்கேட்போர்டு மாதிரி சாகச விளையாட்டுகளுக்கான பெரிய போட்டி) வெள்ளி, 2021 ஜூன்ல ரோம் உலக சாம்பியன்ஷிப்ல மறுபடி வெள்ளி. அங்க தங்கம் வாங்கினது யாருன்னா அவ நாட்டுக்காரியே, அயோரி நிஷிமுரா. அடுத்த மாசமே டோக்கியோ ஃபைனல், அந்த உலக சாம்பியன் அயோரி எட்டாவது இடம், மோமிஜி முதல் இடம்! ஒரே மாசத்துல இப்படி தலைகீழா மாறுற விளையாட்டு இதுன்னு தெரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும்.

அந்த ஃபைனலை நான் முழுசா பார்த்தேன். அரியாகே பார்க், ஜூலை 26, கொரோனா நேரம்கிறதால கேலரி காலி. 45 செகண்டு ரன் (நிறுத்தாம தொடர்ந்து ஆடுறது) ரெண்டு, அப்புறம் தனித்தனியா அஞ்சு ட்ரிக், ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க், ஏழுல நல்லா வந்த நாலை மட்டும் கூட்டுவாங்க. மோமிஜிக்கு ஒரு ரன்னுல 3.02, மூணு ட்ரிக்ல 4.15, 4.66, 3.43, மொத்தம் 15.26. மத்ததெல்லாம் கணக்குலயே வரல. பிரேசில் ரைஸா லியால் 14.64, ஃபூனா நகாயாமா 14.49. முதல் ரெண்டு பேருக்கும் 13 வயசு, மூணாவதுக்கு 16. ஜப்பானுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவங்கள்ல மோமிஜிதான் வயசுல சின்னவ. இது வரைக்கும்தான் எல்லாருக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் அவ சும்மா இருக்கல சார். 2022-ல சிபா எக்ஸ் கேம்ஸ்ல தங்கம், 2023 பிப்ரவரியில ஷார்ஜா உலக சாம்பியன்ஷிப்ல வெண்கலம். இவ்வளவு பண்ணியும் பாரிஸுக்குப் போக முடியல, காரணம் சிம்பிள், ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவுல மூணு பேருதான், மொத்தமே 22 இடம். ஜப்பான்ல அந்த மூணு இடத்துக்கு எத்தனை பொண்ணுங்க அடிச்சுக்கிறாங்கன்னு பாருங்க. கடைசியில போனவங்க கோகோ யோஷிஸாவா, லிஸ் அகாமா, ஃபூனா. இதுல கோகோ 14 வயசுல தங்கம், லிஸ் 15 வயசுல வெள்ளி, ஃபூனா ஏழாவது. மோமிஜி தங்கம் வாங்கினப்போ கோகோவுக்கு 11 வயசுதான், அண்ணனைப் பார்த்துதான் அவளும் ஆரம்பிச்சா, பாரிஸ்ல அவ பண்ணின பிக்ஸ்பின் ஃப்ளிப் ஃப்ரண்ட்சைடு போர்டுஸ்லைடுங்கிற ட்ரிக்குக்கு (பலகையைச் சுத்தி விட்டு கம்பி மேல சறுக்குறது) 96.49 போட்டாங்க, பாரிஸ்ல மார்க் பத்துக்கு இல்ல, நூத்துக்கு, மூணே வருஷத்துல லெவல் அவ்ளோ ஏறிடுச்சு. மத்த பல நாட்டுல பிறந்திருந்தா மோமிஜி பாரிஸுக்குப் போயிருப்பாங்கிறது என் கருத்து. இதை விட்டுட்டு 13 வயசு அதிசயம்னு மட்டும் எழுதினா, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு காணாமப் போயிட்டான்னுதானே படிக்கிறவங்க நினைப்பாங்க?

ஆண்கள் ஸ்ட்ரீட்ல ஜப்பானோட யூடோ ஹோரிகோமேயைப் பாருங்க. டோக்கியோவுல தங்கம், அந்த அரியாகே பார்க் இருக்கிற கோட்டோ பகுதியிலயே பிறந்தவர், அப்பாவும் ஸ்கேட்டர். அப்பேர்ப்பட்டவரு பாரிஸுக்குத் தகுதி பெறவே திண்டாடி, கடைசித் தகுதிப் போட்டி புடாபெஸ்ட்ல வரைக்கும் இழுத்து உள்ள வந்தாரு. பாரிஸ் ஃபைனல்லயும் ட்ரிக் வரிசையா மிஸ் ஆகி மெடல் இடத்துலயே இல்ல, கடைசி ட்ரிக் மட்டும்தான் பாக்கி, அதுல 97.08! மொத்தம் 281.14, ரெண்டாவது வந்த ஜாகர் ஈட்டன் 281.04. வெறும் 0.10 வித்தியாசம். அந்த ஒரு ட்ரிக் போயிருந்தா அவரைப் பத்தியும் நாம எதுவும் படிச்சிருக்க மாட்டோம். நடுவுல தடுமாறினதும் அவர் கேரியர்ல சேர்ந்ததுதானே.

மோமிஜிக்கு 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் நடக்கிறப்போ 20 வயசு. போவாளா மாட்டாளான்னு யாரும் இப்பவே சொல்ல முடியாது, உள்ளூர்லயே அவ்ளோ போட்டி. உங்ககிட்ட கேக்குறது இதுதான். ஒலிம்பிக் வர்ற வரைக்கும் காத்திருக்காம, உலக சாம்பியன்ஷிப், தகுதிப் போட்டி நடக்கிறப்போ ஸ்ட்ரீட் ரிசல்ட்டை ஒரு சின்ன பெட்டியிலயாவது போடுங்க, முதல் மூணு பேரோட நிறுத்தாம எட்டு ஃபைனலிஸ்ட் பேரும் போடுங்க. ரன், ட்ரிக், மார்க் எப்படின்னு ஒரு தடவை விளக்கி எழுதிட்டா போதும், அப்புறம் ஜனங்க தானா ஃபாலோ பண்ணிப்பாங்க. விடியக்காலைல மூணு மணிக்கு எழுந்து ஃபுட்பால் பாக்குறவங்க நம்ம ஊருல எத்தனையோ பேரு, இதையும் கண்டிப்பா பார்ப்பாங்க. தொகுப்போட அடுத்த பாகம் வரும்னு போட்டிருந்தீங்க, முடிஞ்சா அதுலயே மோமிஜி பத்தி விட்டதையும் சேர்த்துடுங்க.

நன்றி,
உங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை