பழைய தாள்களை லேமினேட் செய்யாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வரலாற்றுக் குழுவின் ஆவணப் பெட்டிகளைப் பராமரித்து வருகிறேன். பாதுகாப்பதாக நினைத்துப் பழைய பத்திரங்களையும் கடிதங்களையும் பலர் லேமினேட் செய்துவிடுகிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். செல்லோடேப்பும் அப்படித்தான்: பசை தாளில் ஊறி, எழுத்தின்மேல் பழுப்புக் கறையாகத் தங்கிவிடும். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிட்டு, அமிலமற்ற (அதாவது, நாளடைவில் ஆவணத்தை அரிக்காத) தாள் உறையில் வைத்தாலே போதும்.

இன்னொன்று. பழைய புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் கசியக்கூடும். பெயர் தெரியாத முகங்கள் எங்கள் பெட்டிகளில் ஏராளம். பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஊர் வரலாற்றுக் குழு உறுப்பினர்