எண்டோஸ்கோபிப் பயிற்சி மாவட்டத்திலேயே கிடைக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில் என் மைத்துனர் இரத்த வாந்தி எடுத்தபோது, மண்டபத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து மதுரைக்கு அவரைக் கொண்டு செல்ல நேர்ந்தது. இரைப்பையில் இரத்தம் கசிவோருக்கு 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய வளையும் குழாயை உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை. அதற்குக் கருவி மட்டும் போதாது. கசியும் இடத்தில் கிளிப் பொருத்தவும், உணவுக்குழாயில் புடைத்த இரத்த நாளங்களை ரப்பர் வளையமிட்டுக் கட்டவும் பழகிய கை வேண்டும்.

அந்தப் பழக்கம் புத்தகத்தால் வருவதன்று. உணவுக்குழாய், இரைப்பை முதலிய மேல்பகுதியைப் பார்க்கும் எண்டோஸ்கோபிகளைக் குறைந்தது 130 முறை செய்த பிறகே ஒருவரின் திறனை மதிப்பிட வேண்டும் என அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கம் வகுத்துள்ளது. பெருங்குடல் சோதனைக்கோ, குழாய் உள்ளே வளைந்து சுருண்டுகொள்வதால், அதைவிடக் கூடுதலான பயிற்சி தேவை. முதலில் சிமுலேட்டர் எனப்படும் பயிற்சிக்கான மாதிரிக் கருவியிலும், பின்னர் மூத்த மருத்துவர் அருகில் நிற்க நோயாளியிடமும் பழகுவதே முறை. (நோயாளியின் ஒப்புதலோடுதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

இராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தொண்டி முதல் ஏர்வாடி வரையிலான கடற்கரையில், தொண்டையில் மீன்முள் சிக்கி, எண்டோஸ்கோபி தேவைப்பட்டு வருவோருக்கும் குறைவில்லை. எனவே இளம் மருத்துவர்களுக்கு இங்கேயே சிமுலேட்டருடன் கூடிய முறையான பயிற்சியும், மதுரையிலிருந்து மாதந்தோறும் வந்து மேற்பார்வையிடும் வல்லுநரும் கிடைக்க சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்