கம்பியை வெட்டிக் கொடுத்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

திண்டுக்கல்லில் வாடகைக்குப் பிக்கப் ஓட்டுகிறேன். கட்டடக் கம்பி ஒன்று 12 மீட்டர் நீளம். இரண்டாக மடித்தாலும் ஏறக்குறைய 20 அடி. என் வண்டித் தொட்டியோ 9 அடிதான். மீதி பின்னால் நீட்டிக்கொண்டு வரும். பாரம் பின் அச்சுக்கு அப்பால் போவதால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிபடாது. பின்னால் பைக்கில் வருபவர் கதி? கடைக்காரர் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி அனுப்பிவிடுகிறார், பெரிய மனது!

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அளவுக்கு மீறி நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, ஓட்ட வைப்பவருக்கும்தான். ஆனால் ரசீது எங்கள் பெயருக்கே வருகிறது. கட்டடத்தில் எப்படியும் வெட்டப்போகிற கம்பி. அளவு கேட்டுக் கடையிலேயே வெட்டி ஏற்றச் சொல்லி, போக்குவரத்துத் துறை முதலில் கடைகளில் சோதனை நடத்தட்டும்.

பிக்கப் ஓட்டுநர், திண்டுக்கல்