அரை கிரவுண்டு வீட்டுக்கு எந்தப் புல்வெட்டி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். மாடித்தோட்டம், ரோஜாவுக்கு உரம், மாவுப்பூச்சி என்று எல்லாம் வருகிறது, ஆனால் வாசலில் கொஞ்சம் புல் வைத்திருப்பவர்கள் அதை எதைக்கொண்டு வெட்டுவது என்று ஒரு வரிகூட வந்து பார்த்ததில்லை. மழைக்காலம் வரப்போகிற இந்தச் சமயத்தில்தான் எங்கள் மாதவரம், கொளத்தூர், பெரம்பூர் பக்கம் பலரும் மெஷின் வாங்கக் கிளம்புகிறார்கள், கடையில் போய் நின்றால் பெட்ரோல் மெஷினைத்தான் முதலில் இழுத்துக் காட்டுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் இடத்தை அளந்து பாருங்கள். நம்ம பக்கத்தில் தனி வீடு என்றால் அரை கிரவுண்டு, மிஞ்சிப்போனால் ஒரு கிரவுண்டு, அதாவது 1,200 அல்லது 2,400 சதுர அடி. அதில் வீடு, போர்வெல், வண்டி விடுகிற இடம், ஒரு தென்னை, ஒரு முருங்கை எல்லாம் போக புல்லுக்கு 200, 300 சதுர அடி மிஞ்சினாலே பெரிய விஷயம். இதற்கு எஞ்சின் எதற்கு? கையால் தள்ளுகிற சிலிண்டர் புல்வெட்டியே தாராளமாகப் போதும். என் வீட்டில் இருப்பது அதுதான், நாளைக்கு இன்னொன்று வாங்கினாலும் அதையேதான் வாங்குவேன்.

அதில் ஐந்தாறு பிளேடுகள் ஓர் உருளையில் சுற்றிவரும், கீழே அசையாமல் ஒரு பிளேடு இருக்கும், இரண்டுக்கும் நடுவே மாட்டுகிற புல் கத்தரிக்கோலில் அகப்பட்டது போல நறுக்கென்று அறுபடும். 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், ஆலையில் கம்பளித் துணியின் பிசிறு நறுக்குகிற இயந்திரத்தைப் பார்த்து இதைச் செய்தார், அடிப்படை இன்று வரை மாறவில்லை. மோட்டார் மெஷின்களில் பெரும்பாலானவை வேறு மாதிரி. அடியில் ஒற்றை பிளேடு அசுர வேகத்தில் சுழன்று புல்லை அடித்துத்தான் துண்டாக்குகிறது, பிளேடு மழுங்கிவிட்டால் நுனி கிழிந்து ஓரிரு நாளில் தரை முழுக்க வெளிறிப் பழுப்படித்துவிடும். குனிந்து ஒரே ஒரு புல்லைக் கிள்ளி நுனியைப் பாருங்கள், நேராக அறுபட்டிருக்கிறதா, நார் நாராகப் பிய்ந்திருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

கை மெஷினுக்கும் குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு சாண் உயரத்துக்குப் புல்லை வளரவிட்டால் அது வெட்டாது, மடக்கிப் படுக்க வைத்துவிட்டு மேலே ஓடிவிடும். கோரை தண்டு தடித்தால் சிக்கிக்கொள்ளும், அதைக் கிழங்கோடு பிடுங்கத்தான் வேண்டும். அருகம்புல்லுக்கு இது அருமை. கொரியன் புல் மேடு மேடாக அடர்ந்து எழும்புவதால் தள்ளக் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புல் கிடுகிடுவென ஏறும், மழை விட்டுத் தரை கொஞ்சம் காய்ந்ததும் தள்ளிவிட வேண்டும், ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது, எடுத்தால் வேர் பலவீனப்பட்டு அந்த இடத்தில் களை வந்து உட்காரும்.

சரி, தோள்வலி, முழங்கால்வலி உள்ளவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு கரண்ட் மெஷின். ஆனால் வாங்கும் முன்பு வாட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். 1,600 வாட்ஸ் மெஷின் 230 வோல்டில் கிட்டத்தட்ட 7 ஆம்பியர் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்காது, 16 ஆம்பியர் பாயின்ட்டும் தடித்த ஒயரும் வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற பாதுகாப்பு சுவிட்ச்) இல்லையென்றால் தயவுசெய்து அதை முதலில் போடுங்கள், மெஷின் அப்புறம். ஈரப் புல்லில் ஒயரை இழுத்துக்கொண்டு வெட்டவே வெட்டாதீர்கள், ஒயர் பிளேடில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. பேட்டரி மெஷினில் அந்தப் பயம் இல்லை, ஆனால் பேட்டரி மட்டும் தனியாக என்ன விலை, இங்கே கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள், மே மாத வெயிலில் ஷெட்டில் போட்டு வைத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும்.

பெட்ரோல் மெஷினை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் சத்தம் மட்டுமில்லை, சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அதுவே போதுமான காரணம் என்றாலும். வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கிற எஞ்சினில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும், இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனால் வேறு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் தண்ணீர் நின்றதை மறக்க முடியுமா? மோட்டாரோ எஞ்சினோ மூழ்கினால் ரிப்பேர் செலவு தனி, கை மெஷினைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவினால் மறுபடி ஓடும். திருவொற்றியூர், எண்ணூர் போலக் கடல் காற்று அடிக்கிற இடத்தில் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும், அங்கே ஒவ்வொரு முறை வெட்டியதும் பிளேடில் எண்ணெய் தடவியே ஆக வேண்டும்.

கடைக்குப் போகும்போது பழைய நாளிதழில் ஒரு துண்டு கிழித்து எடுத்துப் போங்கள். கீழ் பிளேடுக்கும் உருளைக்கும் நடுவில் அதை நீட்டி, விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை காகிதம் சுத்தமாக அறுபட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மடங்கினால் செட்டிங் சரியில்லை, கடைக்காரரிடமே சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிலிண்டர் பிளேடுக்குச் சாணை பிடிக்கிறவர்கள் எங்கள் பக்கம் அரிதாகிவிட்டார்கள், பாரிமுனை வரை அலைய வேண்டியிருக்கிறது. வட சென்னையில் யார் இந்த வேலை செய்கிறார்கள், கீழ் பிளேடு தனியாக எங்கே கிடைக்கிறது என்று உங்கள் நிருபர் விசாரித்து வீட்டுத்தோட்டப் பக்கத்தில் போட்டால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாதவரம், சென்னை.