சுந்தரத்துக்கு, மனை வாங்கும் முன்

ஏற்காடு,
மார்கழி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் மனையின் போட்டோவும் வந்தன. இங்கே எல்லாரும் சுகம். மரகதத்துக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. காப்பிப் பழம் எடுப்பு நடக்கிறது, ஆள்தான் கிடைப்பதில்லை. பழனி ஒண்டிக்கடையில் பார்த்து உன்னை விசாரித்தான். இன்னும் அந்த மப்ளர்தான். சரி, நலம் விசாரித்தாயிற்று. இனி நான் சொல்லப் போவதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அந்த மனைக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. இப்போது கொடுக்காதே என்றுதான் சொல்கிறேன்.

காரைக்காலில் கீழகாசாக்குடிக்குக் கிழக்கே, கடலுக்கு நடந்து போகிற தூரம், பட்டா சுத்தம், பத்தடியில் இளநீர் மாதிரித் தண்ணீர் என்று புரோக்கர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாய். பேங்கில் இத்தனை வருஷம் அடுத்தவன் பத்திரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவன், உன் காசு என்று வரும்போது புரோக்கர் வாயைப் படிக்கிறாயே! மேலே இருக்கிற பத்திரத்தை நீ பார்ப்பாய். கீழே இருக்கிற மண்ணை நான்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் காலம் தள்ளியவன் நான், இதில் என் பேச்சைக் கேள்.

முதலில், நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று பார். இங்கே நான் காலை வைத்து நிற்பது சார்னோக்கைட். ஏறக்குறைய 250 கோடி வருஷத்துப் பாறை. மண்ணை ஒரு முழம் தள்ளினால் போதும், கருநீலமாகக் கல் தட்டுப்படும். உன் ஊரில் எவ்வளவு தோண்டினாலும் கல் கிடையாது. வண்டல், களி, மணல், மறுபடியும் களி. இதற்குக் காரணம் பெரிய கதை. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டிருந்த கோண்டுவானாக் கண்டம் பிளந்தபோது, சுமார் 13, 14 கோடி வருஷத்துக்கு முன், இந்தக் கிழக்குக் கரையோரம் நீளநீளமாக விரிசல் விட்டுச் சரிந்தது. சில பட்டைகள் பள்ளமாக இறங்கின, சில நடுவில் மேடாக நின்றன. அப்புறம் கடலும் ஆறும் மாறி மாறி அந்தப் பள்ளங்களை நிரப்பின. சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் நிரப்பின. எண்ணெய் தேடுகிறவர்கள் அதைக் காவிரிப் படுகை என்கிறார்கள். நரிமணத்தில் எண்ணெய் வருவதும் உங்கள் ஊரில் ஓஎன்ஜிசி ஆபீஸ் இருப்பதும் அதனால்தான்.

இதில் என்னைத் தூங்கவிடாத சேதி ஒன்று உண்டு. வடக்கே தரங்கம்பாடிப் பள்ளம், தெற்கே நாகப்பட்டினப் பள்ளம், இரண்டுக்கும் நடுவே புதைந்து கிடக்கிற மேட்டுக்குக் காரைக்கால் மேடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சேர்வராயன் மலை எந்த வகைப் பழம்பாறையோ, அதே வகைப் பாறையின் தொடர்ச்சிதான் அங்கே அடியில் கிடக்கிறது. நீ இங்கிருந்து போனவன், அங்கேயும் மலை மேல்தான் குடியிருக்கிறாய். ஆனால் அந்த மலையால் உன் வீட்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அஸ்திவாரம் அதுவரை எட்டாது. உன்னைத் தாங்கப் போவது மேலே இருக்கிற, கடந்த சில ஆயிரம் வருஷங்களில் காவிரி கொண்டுவந்து போட்ட மண் மட்டும்தான்.

அந்த மண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

போட்டோவை நன்றாகப் பார்த்தேன். பின்னால் தெரிகிற சவுக்குத் தோப்பு ஒரு மணல் மேட்டில் இருக்கிறது. முன்னால் ரோடு போகிறதே, அதுவும் ஒரு மேடு. உன் மனை இரண்டுக்கும் நடுவே தாழ்வாக இருக்கிறது. கடல் பின்வாங்கப் பின்வாங்க, ஒவ்வொரு காலத்துக் கரையோரமும் ஒரு மணல் வரிசையாக நின்றுவிடும். இரண்டு வரிசைக்கு நடுவே இருப்பது பழைய உப்பங்கழி. அங்கே களிமண் படிந்திருக்கும், தண்ணீர் வடியாது. உன் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு என்று மீனவர்கள் குடியிருப்பெல்லாம் மேட்டில்தானே? தாழ்வில் யாரும் வீடு கட்டவில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் பக்கத்தில்தான் கரையேறியது. அந்த மனையில் அப்போது எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டு ஆயாவைக் கேள், புரோக்கரைக் கேட்காதே.

2004 டிசம்பர் 26 பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டினச்சேரியில் அன்றைக்கு நீ யாரைத் தேடி அலைந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அதெல்லாம் பார்த்தவனுக்கு இந்த இடம் எப்படிப் பிடித்தது?

தண்ணீருக்கு வருகிறேன். பத்தடியில் நல்ல தண்ணீர் என்பது பொய் இல்லை, மார்கழியில். கடற்கரை மணலில் மழைத் தண்ணீர் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும். உப்புத் தண்ணீர் கனமானது, நல்ல தண்ணீர் லேசு. ஆப்பம் மாதிரி நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து நிற்கும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறதா? திருப்பிப் பார். மோட்டார் போட்டு உறிஞ்சி அந்த மேல்மட்டத்தை 1 அடி இறக்கிவிட்டால், உப்பு எல்லை 40 அடி மேலே ஏற இடம் கிடைக்கிறது. உடனே ஏறாது, நாலைந்து வருஷத்தில் ஏறும். ஏறியதை இறக்க நல்ல மழை பல வருஷம் பெய்ய வேண்டும். நீ கையால் இறைத்து ஊத்துத் தண்ணீர் குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் நீ எழுதியிருப்பது இருநூறு அடி போர், தென்னந்தோப்பு, மாடியில் ரெண்டு டேங்க். பக்கத்து மனைக்காரனும் அதையேதான் செய்வான்.

உங்கள் ஊர் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் தை மாசம் காட்டுகிற மனையெல்லாம் சொர்க்கமாகத்தான் இருக்கும். வைகாசியில் போய்ப் பார். மேட்டூர் திறக்க நாள் குறித்திருப்பது ஜூன் 12, அது கடைமடைக்கு வந்து சேர அதற்கு மேலும் ஆகும். அதற்கு முந்தைய பதினைந்து நாள்தான் நிலத்தின் உண்மை நிறம் தெரிகிற காலம். அப்போது பக்கத்துக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு எவ்வளவு என்று பார். 500-க்குள் இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். 2000-ஐத் தாண்டினால் அந்தத் திசையிலேயே தலை வைத்துப் படுக்காதே.

மேட்டூர் என்று எழுதியதும் வேறொரு ஆதங்கம் வந்துவிட்டது, அதையும் கொட்டிவிடுகிறேன். நம் ஜில்லாவில்தான் அந்த அணை, 1934-இல் முடிந்தது, 93 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும். சின்ன வயசில் அதன் மேல் நின்று நாம் பெருமைப்பட்டிருக்கிறோம், இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். ஆனால் தண்ணீரைத் தேக்கினால் வண்டலும் தேங்கும். உன் காலடி மண்ணைக் கட்டி வளர்த்த ஆற்றின் வண்டலில் பெரும்பங்கு அணைகளுக்குள் உட்கார்ந்துவிட்டது. நம் மலையிலிருந்து இறங்குகிற திருமணிமுத்தாறும் சரபங்காவும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேருகின்றன என்றாலும், வழியில் மணல் அள்ளுகிறவர்களைத் தாண்டி எவ்வளவு வந்து சேரும்? டெல்டா மண் தன் எடையில் தானே அமுங்கிக்கொண்டிருக்கும். மேலே புது வண்டல் விழுந்துகொண்டே இருந்தால்தான் மட்டம் நிற்கும். வண்டல் குறைந்து, கடல் உயர்ந்துகொண்டு போனால் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று நீயே சொல்.

இதில் உங்கள் எல்லை வேறு. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு என்று எல்லாமே ஒரே காவிரியின் விரல்கள். தமிழ்நாட்டில் பிரிந்து, தமிழ்நாட்டு வயலில் ஓடி, கடைசிக் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரிக்குள் நுழைந்து கடலில் விழுகின்றன. நிலத்தில் ஒரு கோடும் இல்லை. வயலுக்கு நடுவே ஒரு போர்டு, அதைத் தாண்டினால் சாராயக் கடை, அவ்வளவுதான் எல்லை. 160 சதுர கிலோமீட்டர் சொச்சம் நிலம், சுமார் 20 கிலோமீட்டர் கடற்கரை, தலைநகரமோ 130 கிலோமீட்டருக்கு அப்பால். 1739-இல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து பிரெஞ்சுக்காரன் வாங்கியதால் வந்த வரைபடம் இது. அவன் வந்ததும் இந்த மண்ணின் அமைப்பினால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. டெல்டா பல வாயாகப் பிரிகிற இடம். ஆளுக்கு ஒரு முகத்துவாரம் கிடைத்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரன், உங்கள் அரசலாற்றில் பிரெஞ்சுக்காரன், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரன். ஒரே பெரிய முகத்துவாரமாக இருந்திருந்தால் ஒருவனே எல்லாவற்றையும் பிடித்திருப்பான். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை விட்டுப் போனான், கோடு மட்டும் நின்றுவிட்டது.

கோடு போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும், ஆனால் இப்போது எல்லாச் சட்டமும் அந்தக் கோட்டில் நிற்கிறதே! 2020-இல் தமிழ்நாட்டில் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது தமிழ்நாட்டுச் சட்டம், உங்கள் வரப்போடு நின்றது. இந்தப் பக்கத்து வயலும் அந்தப் பக்கத்து வயலும் ஒரே வெள்ளத்தில் படிந்த ஒரே களி. காவிரித் தீர்ப்பில் 7 டிஎம்சி உங்களுக்கு என்று எழுதியாயிற்று, 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆனால் அந்த 7-உம் தமிழ்நாட்டு வாய்க்காலில் ஓடித்தானே வர வேண்டும்? கடற்கரையும் அப்படித்தான். மணல் வருஷத்தில் பெரும்பாலான மாசம் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஓரிடத்தில் கடலுக்குள் கல்லைப் போட்டால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தின்னப்படும். புதுச்சேரி டவுன் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல் சுவர் போட்ட பிறகு தன் மணல் கடற்கரையை இழந்தது. அந்தப் பாடம் உங்கள் ராஜ்ஜியத்திலேயே இருக்கிறது. கடற்கரையை இரண்டு அரசாங்கம் ஆளுக்கொரு துண்டாகப் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை. நீ ரிட்டையர் ஆனவன், மனுப் போடத் தெரிந்தவன், இதை எடுத்துப் பேசு. உன் சங்கத்தில் மாசம் ஒரு டீ பார்ட்டிக்குப் பதில் இதைப் பேசலாம்.

சரி, மனைக்குத் திரும்புகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நீ என்னைத் திட்டுவாய். உனக்கு உண்மையிலேயே அந்த ஊர்தான் வேண்டும் என்றால் பழைய ஆற்றங்கரை மேட்டைத் தேடு. ஆறு ஒவ்வொரு வெள்ளத்திலும் தன் இரண்டு கரையிலும் மணலும் வண்டலும் போட்டுக் கரையை உயர்த்திக்கொண்டே போகும். வயல்வெளியை விட அது சில அடி உசரம். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் பழைய தெருவும் கோயிலும் எங்கே இருக்கின்றன என்று பார். முன்னோர் வெள்ளத்தில் கற்றுக்கொண்டு உட்கார்ந்த இடம் அது. அங்கே கடற்காற்று கொஞ்சம் குறையும், விலை கொஞ்சம் கூடும். தண்ணீர் நிற்காது. போர் போட்டாலும் எழுபது எண்பது அடியோடு நிறுத்து. ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் என்பது எங்கள் மலையடிவாரக் கணக்கு, உங்கள் கரையில் அது செல்லாது.

கமலா என்ன சொல்கிறாள்? கடலைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. அவள் சேலத்துக்காரி, கூட்டத்துக்குள் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அது உன் ஆசை. சொக்குவின் சைக்கிள் விஷயத்திலும் இதே மாதிரிதான் ஒருத்தர் பெயரைச் சொல்லி நீ காரியம் பார்த்தாய்.

இப்போதைக்கு மூன்று காரியம் செய். மனையின் சர்வே எண்ணை எனக்கு அனுப்பு. டோப்போ ஷீட் (நிலத்தின் உயரம் காட்டுகிற வரைபடம்) என்னிடம் இருக்கிறது, உயரம் பார்த்துச் சொல்கிறேன். கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டுகிற மேல்மட்டக் கோட்டிலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் என்று எழுத்தில் வாங்கு. 500 மீட்டருக்குள் வந்தால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் எல்லாம் உன் தலையில் விழும். புரோக்கரிடம், வைகாசி வரை முடிவு சொல்ல முடியாது என்று சொல்லிவிடு. அவன் வேறு ஆளுக்கு விற்றால் விற்கட்டும்.

வைகாசியில் நான் வருகிறேன். டிடிஎஸ் மீட்டரை நானே எடுத்து வருகிறேன், நீ கிணற்றுக்காரர்களிடம் சொல்லி மட்டும் வை. கமலாவுக்கு இங்கிருந்து மிளகு கொடுத்துவிடுகிறேன், போன தடவை மாதிரி பாதியை வழியில் நீ எடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ராமலிங்கம்