திறந்த நீருக்குப் போகிறவர்களுக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விங் (போர்டின்மேல் நின்று கையில் பிடித்துக்கொள்ளும், காற்றடித்த பாய்) வாங்க வருகிறவர்களிடம் எத்தனை சதுர மீட்டர் வேண்டும் என்று நாங்கள் முதலில் கேட்பதில்லை. எங்கே ஓட்டப் போகிறீர்கள், அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், காற்று நின்றுபோனால் எப்படித் திரும்புவீர்கள் என்றுதான் ஆரம்பிக்கிறோம். பணம் கொடுத்து வாங்க வந்தவரிடம் இத்தனை கேள்வியா என்று சிலருக்குத் தோன்றுவது எங்களுக்குத் தெரியும். காரணத்தை விளக்கமாக எழுதிவிட்டால் நல்லது என்று நினைத்தோம்.

திறந்த நீரில், அதாவது சுற்றி மறைவில்லாத விரிந்த நீரில், ஒருவர் எவ்வளவு ரசித்து ஓட்டுகிறார் என்பது, திரும்பி வர முடியும் என்று அவருக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்பதைப் பொறுத்தது. அந்த நிச்சயம் இருக்கிறவர் அலையைப் பார்ப்பார், காற்றைக் கேட்பார், நேரம் போவதே தெரியாமல் ஓட்டுவார். இல்லாதவர் தோளை இறுக்கிக்கொண்டு கரையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார், பார்க்கும்போதெல்லாம் விழுவார். அதனால் அந்த நிச்சயத்தை எப்படிச் சம்பாதிப்பது என்பதைப் பற்றித்தான் இந்த மடல் பெரும்பாலும் பேசுகிறது.

முதலில், ஏன் அங்கே போக வேண்டும்? ஏரியின் ஓரத்திலும் மூடிய கழிமுகத்திலும் கற்றுக்கொண்டவர்களுக்குக் காற்று என்றாலே விட்டுவிட்டு அடிக்கும் ஒன்றுதான். மரமும் கட்டடமும் காற்றைக் கிழித்து அனுப்புகின்றன, அந்தக் கலக்கம் அவற்றின் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரம் வரை தண்ணீர்மேல் நீளும். தடையே இல்லாமல் நீண்ட தூரம் நீரின்மேல் வந்த காற்று அப்படியில்லை. கையில் ஒரே அழுத்தமாக வந்து நிற்கும். முதல்முறை அதை உணர்கிறவர் தான் திடீரென்று நன்றாக ஓட்டுவதாக நினைப்பார், அதில் பாதிக்குமேல் காற்றின் உபயம்.

அப்புறம் அலை. தூரத்துக் காற்றில் பிறந்து வரும் நெடிய அலைகள்தான் விங் ஃபாயிலுக்குக் கிடைத்த பெரிய வரம். ஃபாயில், அதாவது போர்டின் அடியில் நீருக்குள் இருக்கும் இறக்கை அமைப்பு, கொடுக்கும் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அந்த விசை உங்கள் எடையைத் தாங்கும் கணத்தில் போர்டு தண்ணீரை விட்டு எழும்புகிறது. நீருக்குள் மிஞ்சியிருப்பது ஒரு மெல்லிய மாஸ்ட்டும் (கம்பமும்) அதன் அடியில் இரண்டு சிறிய இறக்கைகளும்தான். மேற்பரப்பில் சிற்றலைகள் கலைந்து கிடந்தாலும் போர்டு அவற்றைத் தொடுவதில்லை, அந்தத் தடதட சத்தம் சட்டென்று நின்றுவிடும். அந்த நிலையில் ஒரு நெடிய அலையின் முன்சரிவில் ஏறிவிட்டால் இழுக்க விங் தேவையே இல்லை. முன்கைப்பிடியை மட்டும் ஒரு கையில் பிடித்துக்கொண்டால் விங் பின்னால் காற்றில் சும்மா மிதந்து வரும், அலையே உங்களைக் கொண்டுபோகும். இந்த விளையாட்டில் எங்களுக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். இதற்காகத்தான் திறந்த நீருக்குப் போங்கள் என்று சொல்கிறோம்.

விண்ட்சர்ஃபிங் தரும் சுகம் வேறு. அதில் பாயும் போர்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. எல்லாப் பக்கமும் சாயும் மூட்டோடு அந்த அமைப்பை ஜிம் டிரேக் கலிபோர்னியாவில் 1967இல் நீரில் சோதித்துப் பார்த்தார், அடுத்த ஆண்டு அவரும் ஹோய்ல் ஷ்வைட்சரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1984இல் அது ஒலிம்பிக்கில் வந்தது, பெண்களுக்கு 1992இல். 2024இல் அதே போட்டி ஃபாயில் பொருத்திய ஐக்யூஃபாயில் போர்டில் நடந்தது. ஆனால் ஃபின் (அடியில் நிற்கும் சிறு துடுப்பு) போட்ட போர்டில் ஹார்னஸை (உடலைப் பாயோடு கோக்கும் பட்டையை) மாட்டி, இடுப்பை வெளியே போட்டு, உடல் எடை முழுவதையும் பாயில் தொங்கவிட்டு, போர்டு நீரின்மேல் வழுக்கி ஓட ஆரம்பிக்கும்போது காலடியில் கிடைக்கும் அந்த அதிர்வை ஃபாயில் தராது. பலத்த காற்றும் கலைந்த நீரும் உங்களுக்குப் பிடித்தால் பழைய ஃபின் போர்டை விற்காதீர்கள். விற்கக் கொண்டுவருகிறவர்களிடம் நேரிலும் இதையே சொல்கிறோம்.

சரி, காற்றுக்கு வருவோம். நாங்கள் கேட்கும் கேள்விகளில் முக்கியமானது திசை. கடலிலிருந்து கரைக்கு நேராக அடிக்கும் காற்றில் அலை முகத்தில் உடையும், வெளியே போவதே பாடு, ஆனால் எது நடந்தாலும் கரைக்கு வந்துசேர்வீர்கள். கரைக்குப் பக்கவாட்டில், லேசாகக் கரையை நோக்கிச் சாய்ந்து அடிக்கும் காற்றுதான் எல்லாவற்றிலும் நல்லது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் கரைக்காற்றைப் பார்த்துத்தான் நாங்கள் பயப்படுகிறோம், காரணம் அது பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கரையோரம் நீர் தட்டையாக இருக்கும், காற்றும் மெல்லியதாகத் தெரியும், ஏனென்றால் நீங்கள் நிற்பது கரையின் மறைவில். உள்ளே போகப் போகக் காற்று முழுப் பலத்தோடு கிடைக்கும். போர்டு ஓடாமல் நின்றால் அடுத்த கரை வரை யாரும் தடுக்க மாட்டார்கள். மீட்புப் படகு இல்லாமல் கரைக்காற்றில் போகப்போவதாகச் சொன்னால் வாடகைக்குப் போர்டு தர மாட்டோம். இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்து அளவு. காற்று கொஞ்சம் கூடினால் விசையும் கொஞ்சம்தானே கூடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இங்கேயும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பத்தான் கூடுகிறது. 12 நாட் காற்று 17 நாட் ஆனால் கையில் வரும் இழுப்பு இரண்டு மடங்கு. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆகவே வெறும் ஒன்பது சொச்சம் கிலோமீட்டர் வித்தியாசத்தில் இத்தனையும் நடந்துவிடுகிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 15 முதல் 20 நாட் காற்றில் 5 சதுர மீட்டர் விங் பொதுவாகப் போதும். காற்று குறைந்தால் 6, கூடினால் 4. கரையில் நின்று பார்க்கும்போது சரியாக இருக்கும் அளவு உள்ளே போனதும் பெரிதாகிவிடும், அதனால் இரண்டுக்கும் நடுவில் தயங்கினால் திறந்த நீருக்குச் சிறியதை எடுங்கள். கருவி இல்லாமலே காற்றைப் படிக்கலாம்: அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் 7 முதல் 10 நாட், ஓரளவு அடிக்கடி தெரிந்தால் 11 முதல் 16, பார்க்கும் இடமெல்லாம் வெள்ளையாக இருந்தால் 17க்கு மேல். கரையோரத்தை விட்டுவிட்டு நடுநீரைப் பாருங்கள். காற்று வரும் பக்கத்தில் கருமேகம் கட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான், இறங்க வேண்டாம், இறங்கியிருந்தால் ஏறிவிடுங்கள்.

போர்டின் கொள்ளளவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகமான வாக்குவாதம் இங்கேதான் நடக்கிறது. ஓரளவு கற்றுக்கொண்டதும் எல்லோருக்கும் சின்ன போர்டு வேண்டும். சின்ன போர்டு காற்றில் லேசாகத் திரும்பும், குதிக்க வசதி, எல்லாம் உண்மை. ஆனால் உங்கள் எடை கிலோவில் எவ்வளவோ அதைவிடக் குறைந்த லிட்டர் கொண்ட போர்டில் நீங்கள் ஏறி நின்றால் அது மூழ்கும். காற்று இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது காற்று விழுந்துவிட்டால்? உங்கள் எடையைவிட 20 முதல் 40 லிட்டர் கூடுதலாக உள்ள போர்டு என்றால் மண்டியிட்டு விங்கைப் பிடித்தபடி மெல்ல மெல்ல வந்துவிடலாம். மூழ்கும் போர்டில் வயிற்றின்மேல் படுத்துக் கையால் துழாவித்தான் வர வேண்டும். திறந்த நீரில் முதல் ஒரு வருடமாவது உங்களைத் தாங்கும் போர்டையே வைத்துக்கொள்ளுங்கள். விண்ட்சர்ஃபிங்கில் இதற்கு இணையான விஷயம் வாட்டர்ஸ்டார்ட், அதாவது நீரில் கிடந்தபடியே காற்றின் பலத்தில் எழுவது. கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்கி எழுவது அமைதியான நீரில் சரி, அலை ஆட்டும்போது நாலு தடவை தூக்கினால் முதுகு போய்விடும். நீருக்குள் கிடந்தபடி காற்றைப் பாயில் பிடித்து அதுவே உங்களைத் தூக்கிவிடும்படி எழத் தெரியாதவரை ஆழத்துக்குப் போக அவசரப்படாதீர்கள்.

ஃபாயில் ஓட்டும்போது கலைந்த நீரில் அடிக்கடி தொப்பென்று விழுகிறது என்று கேட்டு வருகிறவர்கள் பலர். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், மாஸ்ட்டின் உச்சிவரை எழும்பி ஓட்டுகிறார்கள். இரண்டு அலைக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஃபாயிலின் முனை வெளியே வந்து காற்றை உறிஞ்சும், தூக்குவிசை போய்விடும், முன்மூக்கு குத்தும். பாதி மாஸ்ட் உயரத்தில் ஓட்டுங்கள். முன்காலில் எடையைச் சற்றுக் கூட்டினால் இறங்கும், குறைத்தால் ஏறும், உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்துகிற மாதிரி சின்னச் சின்ன அசைவுகள் போதும். பார்வை தூரத்தில் இருக்கட்டும், காலைப் பார்த்தால் விழுவீர்கள். ஃபாயில் கத்தி மாதிரி கூர்மையானது, விழுவது உறுதியானால் போர்டிலிருந்து விலகித் தள்ளி விழுங்கள். தலைக்கவசமும் மார்புக்கவசமும் எல்லா நாளும் வேண்டும்.

நீரில் இறங்கியதும் முதல் அரைமணி நேரம் காற்று வரும் பக்கமாகவே முன்னேறிப் போங்கள். இந்த மடலிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் பலம் இருக்கும்போது கடினமான பாதியை முடித்துவிட்டால், களைத்த பிறகு காற்று போகும் பக்கமாக, அலையோடு, சுலபமாக வந்துவிடலாம். அதோடு, காற்றை எதிர்த்து ஏற முடிகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஏற முடியவில்லை என்றால் அந்த அளவு விங்கோ அந்த நாளோ உங்களுக்கானது இல்லை, இன்னும் கரைக்கு அருகில்தான் இருக்கிறீர்கள், வந்துவிடலாம். நீரோட்டத்தையும் கணக்கில் எடுங்கள். காற்றுக்கு எதிராக நீரோட்டம் ஓடும் நேரத்தில் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் நிற்கும், சில மணி நேரம் முன்பு பட்டுப்போல இருந்த அதே இடம் அடையாளம் தெரியாது.

வழிவிடும் முறை பலருக்குத் தெரியவில்லை. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால், வலப்பக்கத்திலிருந்து காற்றை வாங்குகிறவருக்கு, அதாவது வலது கை முன்னால் இருக்கிறவருக்கு, முன்னுரிமை. இருவரும் ஒரே பக்கமாகக் காற்றை வாங்கினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர்தான் ஒதுங்க வேண்டும். முந்துகிறவர் எப்போதும் விலகிப்போக வேண்டும். நீந்துகிறவர்கள் பக்கம் ஃபாயிலோடு போகவே வேண்டாம்.

கெட்டுப்போகும் பொருள்களில் நாங்கள் அதிகம் பார்ப்பது மூன்று. விங் லீஷ் (விங்கை உடம்போடு இணைக்கும் கயிறு) அறுந்தால் விங் நீரின்மேல் உருண்டு ஓடும், நீந்திப் பிடிக்க முடியாது, அதனால் தையல் பிரிந்த லீஷை உடனே மாற்றுங்கள். விண்ட்சர்ஃப் பாயைத் தாங்கும் மாஸ்ட்டின் அடியில் உள்ள ரப்பர் மூட்டை வளைத்துப் பாருங்கள், கீறல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம். ஃபாயிலில் அலுமினியமும் எஃகுத் திருகும் உப்புநீரில் சேர்ந்து கிடந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கழற்றி நல்ல நீரில் கழுவிக் கிரீஸ் தடவி வையுங்கள். விங்கில் காற்றடிக்கும்போது அதன்மேல் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை அடியுங்கள். கை வலிக்கிறது என்று பாதியில் நிறுத்தினால் பலத்த காற்றில் முன்விளிம்பு மடங்கும்.

ஏதாவது உடைந்தால் போர்டை விட்டு நீந்தாதீர்கள். கரை அருகில் தெரிந்தாலும் விடாதீர்கள். மிதக்கும் போர்டு தேடுகிறவர் கண்ணுக்குத் தெரியும், தலை மட்டும் தெரியாது. விங்கைத் திருப்பிப் போட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போர்டில் படுத்தால் காற்று கொஞ்சம் இழுக்கும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைப்பது உலகெங்கும் உதவி கேட்கும் சைகை. விசிலும் நீர் புகாத உறையில் கைபேசியும் உடம்போடு இருக்கட்டும். உடையை வெயிலைப் பார்த்து முடிவுசெய்யாமல் நீரின் குளிரைப் பார்த்து முடிவுசெய்யுங்கள், நீர் உடல்சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும், விரல் விறைத்தால் லீஷைக்கூட அவிழ்க்க முடியாது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

லீஷ், ரப்பர் மூட்டு, ஃபாயில் திருகு இவற்றை எங்களிடம் வாங்கியிருந்தாலும் வேறெங்கு வாங்கியிருந்தாலும் கொண்டுவாருங்கள், இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம். புது இடத்துக்குப் போகும்முன் வரைபடத்தைக் கைபேசியில் காட்டுங்கள், காற்றுத் திசையை வைத்து எங்கே இறங்கி எங்கே ஏறலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கடையில் இருக்கும் நாங்கள் அனைவரும்

பி.கு.: போர்டில் காற்றுத் திருகு (உள்ளே இருக்கும் காற்றை வெளியேற விடும் சிறு திருகு) இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் வண்டியில் வைக்கும்போதும் விமானத்தில் கொண்டுபோகும்போதும் அதைத் தளர்த்த வேண்டும், நீரில் இறங்கும்முன் இறுக்க வேண்டும். இறுக்க மறந்து உள்ளே நீர் புகுந்த போர்டை உலர்த்தப் பல வாரம் ஆகும்.