ஸ்கோலின் வேண்டாம் என்று சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை. மருந்துக்கடையை இப்போது தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். போனில் பேசினால் நடுவில் வேறு பேச்சு வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு மூடி வைத்துவிடாதே. சொல்வதை உன் ஆஸ்பத்திரி ஃபைலில் ஏற்றச் சொல்.

நீ எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, மயக்க டாக்டரைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக, எங்கள் குடும்பத்தில் ஸ்கோலின் ஆப்னியா, அதாவது ஸ்கோலின் ஊசி போட்டால் மூச்சு வெகுநேரம் திரும்பாமல் போகிற கோளாறு, உண்டு என்று சொல்லிவிடு. நீ இருக்கிற நாட்டில் அந்த மருந்துக்கு சக்ஸமெத்தோனியம் என்று பெயர். சுருக்கமாக சக்ஸ் என்பார்கள். நம் ஊர்ப் பெட்டியில் சக்சினைல்கோலின் என்று இருக்கும். லீவு நாட்களில் கடைக்கு வந்து ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பாயே, அந்த 10 மில்லி மருந்துக் குப்பிதான். 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று தெர்மாமீட்டரை என்னைவிட நீதான் அதிகம் பார்ப்பாய். அந்தக் கவனம் உனக்கு எப்போதும் உண்டு. உன் உடம்பு விஷயத்தில்தான் காணோம்.

பெரியத்தை சமாச்சாரம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஏன் அப்படி ஆயிற்று என்று வீட்டில் யாரும் உனக்குச் சொன்னதில்லை. ஆயா, "பொண்ணுங்க இருக்கிற வீடு, வெளியே பேசாதீங்க" என்றாள். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் பொருள் அசிட்டைல்கோலின். அதில் இரண்டைச் சேர்த்து ஒட்டியதுபோல இருப்பது ஸ்கோலின். ஊசி ஏறியதும் உடம்பு முழுக்க ஒரு துடிப்பு ஓடும். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாத் தசையும் தளர்ந்துவிடும், மூச்சு இழுக்கிற தசையும் சேர்ந்துதான். தொண்டையில் குழாய் போட அதுதான் வசதி. அதன்பிறகு மூச்சு டாக்டர் கையில். 1951 முதல் புழக்கத்தில் இருக்கிற மருந்து. அவசர ஆபரேஷன் என்றால் இன்றைக்கும் பல டாக்டர்களின் கை முதலில் அதைத்தான் தேடும். போட்டதில் பெரும்பங்கைத் தசைக்குப் போகும் முன்பே ரத்தத்தில் இருக்கும் ஒரு என்சைம் சிதைத்துவிடும். அதனால்தான் ஐந்து பத்து நிமிஷத்தில் மூச்சு திரும்பிவிடுகிறது. கல்லீரல் செய்து அனுப்புகிற என்சைம் அது, லேபில் சூடோகோலினெஸ்டரேஸ் என்பார்கள். பெரியத்தைக்கு அது கிட்டத்தட்ட இல்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து தையலும் போட்டாயிற்று, மூச்சு மட்டும் வரவில்லை. அந்த மயக்க டாக்டர் சாயங்காலம் வரை மூச்சுப் பையை அழுத்திக்கொண்டே இருந்தார். அதனால்தான் அத்தை நமக்குக் கிடைத்தாள்.

அத்தை என்னிடம் மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு நடுவிலேயே நினைவு வந்துவிட்டதாம். தட்டில் கத்தரிக்கோல் விழுந்த சத்தம் கேட்டதாம். "இன்னும் வரலையா" என்று யாரோ கேட்டது கேட்டதாம். இமையைத் தூக்க முடியவில்லை. செத்துப்போய்விட்டோம், அதனால்தான் எல்லோரும் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்தாளாம். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் லைட்டை அணைத்துவிட்டுத் தூங்கியதில்லை.

ஆபரேஷனில் இப்படித் தசையைத் தளர்த்தப் போடுகிற எந்த மருந்தும் நினைவை மழுக்காது, வலியையும் குறைக்காது. 1940களில் அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க டாக்டர், அம்பு விஷமான கியூராரேயிலிருந்து எடுத்த மருந்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு பார்த்தார். விரல்கூட அசைக்க முடியாமல், அடுத்தவர் கொடுத்த மூச்சில் கிடந்தார். ஆனால் நடந்தது எல்லாமே நினைவில் இருந்தது என்று எழுந்து சொன்னார். அதனால் இதையும் சேர்த்துச் சொல். ஒருவேளை அந்த மருந்து போய்விட்டால், மூச்சு தானாகத் திரும்பும்வரை வென்டிலேட்டரை மட்டுமல்ல, தூக்க மருந்தையும் நிறுத்தக் கூடாது. ரோக்யூரோனியம் என்று தசையைத் தளர்த்தும் இன்னொரு மருந்து உண்டு, அதன் வேலையை முறிக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது. ஸ்கோலினுக்கு அப்படி முறிமருந்து கிடையாது. காத்திருப்பதுதான்.

மருந்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாப்பா. 2021 மே மாதம், கொரோனா சமயத்தில், வென்டிலேட்டரில் குப்புறப் படுக்க வைத்தவர்களுக்காக, தசையைத் தளர்த்துகிற அட்ராக்யூரியம் கேட்டு ராத்திரியெல்லாம் போன் வந்தது உனக்கும் தெரியும். மெஷினோடு உடம்பு மல்லுக்கு நிற்காமல் இருக்க அது வேண்டியிருந்தது. அட்ராக்யூரியம் உடம்புச் சூட்டில் தானாகவே உடைந்துபோகும், நம் என்சைமை நம்பி இல்லை. ரோக்யூரோனியமும் அந்த என்சைமை நம்பி இல்லை. அவை போடலாம். ஸ்கோலினும், அதே என்சைமை நம்பி இருக்கிற மிவாக்யூரியமும்தான் ஆகாது. இன்னொரு முறை எழுதுகிறேன்: ஸ்கோலின், மிவாக்யூரியம்.

இது நம் ஆட்களிடம் அதிகம். கோயம்புத்தூரிலேயே, பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2006இல் எழுதியிருக்கிறார்கள். அந்த என்சைமின் 307ஆவது இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியது புரோலினாக மாறியிருக்கிறது, வைசிய சமூகத்தில் இது பரவலாக இருக்கிறது என்று. தலைமுறை தலைமுறையாக நமக்குள்ளேயே கொடுத்து வாங்கியதில் வந்தது. நானும் உன் அம்மாவும் அத்தை மகளும் மாமன் மகனும்தானே.

போன மாதம் நாங்கள் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். லேப் பையன் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பீர்களா சார் என்று கேட்டான். அந்த விஷம் ஏறியவர்களுக்குத்தான் இவ்வளவு குறையுமாம். எனக்கு மிகவும் குறைவு, அம்மாவுக்குப் பாதி. அந்த என்சைமுக்கான ஜீனில் எனக்கு இரண்டு பங்கும் பழுது, அம்மாவுக்கு ஒன்று என்றார் டாக்டர். அப்படியானால் உனக்கு ஒன்று நிச்சயம். இரண்டுமே இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீ அவசியம் பார்க்க வேண்டும். பார்க்காமல் இருக்காதே.

கர்ப்ப காலத்தில் யாருக்குமே அந்த என்சைம் கொஞ்சம் இறங்கும். அதனால் ரத்த அளவை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, ஜீன் டெஸ்ட்டும் கேள். பொதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். எதற்கு மறைக்க வேண்டும்? சின்னண்ணன் உங்கள் வீட்டுக்கு வந்தபோது எடுத்த படத்தை எனக்கு அனுப்பினான். துப்பட்டாவை முன்பக்கம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஐந்து மாதம் இருக்கும் என்றாள். நீ சொல்லுவாய் என்று காத்திருந்தோம். எங்களிடம் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது. இருக்கட்டும்.

சுகப்பிரசவம் என்றால் இந்தப் பேச்சே இல்லை. முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் என்றாலும் இல்லை. ஆனால் நடு ராத்திரி திடீரென்று முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால், உன்னைக் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்காது, சொல்ல உனக்கும் தெம்பு இருக்காது. அதனால்தான் இப்போதே எழுத்தில் ஏற வேண்டும் என்கிறேன். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. அவர் பொறுமையான ஆள் என்று சின்னண்ணன் சொன்னான். மருந்து பெயரை அவர் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். கையில் பட்டை கட்டிவிடுவார்கள் என்றால் அதிலும் எழுதச் சொல்லட்டும்.

டாக்டரிடம் குழந்தையைப் பற்றியும் கேட்டேன். இரண்டு பங்கும் பழுதானால்தான் ஆபத்து. தகப்பன் வேறு ஆட்கள் என்றால் இரண்டாவது பங்கு சேர வழி அநேகமாக இல்லை, உங்கள் பேரப்பிள்ளைக்குப் பயமில்லை என்றார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் கல்யாணத்தைப் பற்றி நான் பேசியது எதையும் இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. ஆனால் நம் வீட்டில் இது உன் பிள்ளையோடு நிற்கும் என்றால் அது நீ செய்தது. அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

பெரியத்தையின் பழைய டிஸ்சார்ஜ் காகிதம், என் ரிப்போர்ட், அம்மாவின் ரிப்போர்ட் மூன்றையும் ஸ்கேன் செய்து தம்பி உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறான். அங்கே மருத்துவச்சியைப் பார்க்க அடுத்த முறை போகும்போது எடுத்துப் போ. போய்ச் சொன்னதும், எழுதிக்கொண்டார்கள் என்று ஒரு வரி அனுப்பு. எனக்கு அனுப்பப் பிடிக்காவிட்டால் அம்மாவுக்கு அனுப்பு. அம்மாவுக்கு பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம். எந்த மாதம் வரலாம் என்று நீ சொன்னால்தான் டிக்கெட் பார்க்க முடியும்.

அன்புடன்,
அப்பா